டைமரகா என்றால் என்ன அர்த்தம்

1

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இது நானாக யோசித்துப் பிடித்த கதை இல்லை. திங்கட்கிழமை மதியம், சரவணம்பட்டியில் எங்கள் கம்பெனி கேன்டீனில், தயிர்சாதத்தைப் பிசைந்துகொண்டே ரூபினா என்னிடம் கேட்டு வாங்கப் பார்த்த கதை.

"அக்கா, நீங்க கதையெல்லாம் எழுதறீங்கல்ல. எனக்கு ஒண்ணு எழுதிக் குடுக்கோணும்ங்க."

பிறந்தநாள் வாழ்த்தாக இருக்கும், இல்லாவிட்டால் வேலையை விடும் கடிதமாக இருக்கும் என்று நினைத்தேன். ஆபீசில் எழுதத் தெரிந்தவள் என்று பெயர் வாங்கிவிட்டால் இந்த இரண்டும்தான் தேடிக்கொண்டு வரும்.

"எங்கம்மாகிட்ட ஒரு விஷயம் சொல்லோணும். எப்படிச் சொல்றதுன்னு தெரியலைங்க. நீங்க எழுதிக் குடுத்தீங்கன்னா மனப்பாடம் பண்ணிச் சொல்லிப்போடுவேன்."

"எப்போ வேணும்?"

"புதன்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்குள்ளங்க."

விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். (கதையில் இதையெல்லாம் மெல்ல மெல்ல அவிழ்ப்பதுதான் வழக்கம். எனக்கு இப்போது அதற்கு நேரமில்லை.) ரூபினாவின் அம்மாவுக்குக் கழுத்தில், தைராய்டில் ஒரு கட்டி. ஊசி வைத்து எடுத்துப் பார்த்ததில் கெட்ட கட்டி என்று வந்துவிட்டது. இப்போதே எடுத்துவிட்டால் பயமில்லை, தள்ளிப்போட வேண்டாம் என்று சொல்லி, டாக்டர் வியாழக்கிழமை காலைக்கு ஆபரேஷன் குறித்தார். அம்மா திங்கட்கிழமை காலையில் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு வேண்டாம் என்று சொல்லிவிட்டார். புதன் மாலை ஆறு மணிவரை இடத்தைப் பிடித்து வைக்கிறோம், மனசு மாறினால் சொல்லுங்கள் என்றார்களாம்.

அம்மா வேண்டாம் என்றதற்குக் காரணம், முந்தின நாள் ஞாயிறு ஆராதனையில் ரூபினா அந்நிய பாஷையில் பேசியது. அதற்கு ரோஹன் என்கிறவன் அர்த்தம் சொன்னான். உன் கழுத்தில் கத்தி படாது என்பதுதான் அந்த அர்த்தம்.

[அறியாதவர்களுக்கு: சில சபைகளில் ஜெபம் உச்சத்துக்குப் போகும்போது சிலர் யாருக்கும் புரியாத மொழியில் பேசுவார்கள். ஆவியானவர் கொடுத்த பாஷை அது என்பது நம்பிக்கை. வேறொருவருக்கு அதன் அர்த்தத்தைச் சொல்கிற வரம் இருக்கும். நம்புகிறவர்கள் உண்மையாகவே நம்புகிறார்கள். நான் கிண்டல் செய்யவில்லை, செய்வதாக இருந்தால் பின்னால் சொல்கிறேன்.]

ரூபினா அம்மாவிடம் சொல்ல வேண்டியது இதுதான்: அந்தப் பாஷை பொய். அன்றைக்கு மட்டுமல்ல, பன்னிரண்டு வருஷமாக.

2

தொடக்கம் ஒன்று:

சிக்னலைத் தாண்டி, ஒரு டயர் கடைக்கு எதிரே ரூபினா ஸ்கூட்டியை நிறுத்தினாள். இரண்டு காதிலும் இருந்த தோடுகளைக் கழற்றி, சீட்டுக்கு அடியில் இருந்த மாத்திரை டப்பாவில் போட்டு மூடினாள். அவர்கள் சபையில் நகை போடுவதில்லை. காலையில் ஆபீசுக்கு வந்ததும் போடுவதும் மாலையில் இதே இடத்தில் கழற்றுவதும்...

செவ்வாய்க்கிழமை காலையில் இதை அவளுக்கு அனுப்பினேன். பத்து நிமிஷத்தில் என் மேஜைக்கே வந்துவிட்டாள்.

"அக்கா, தோட்டை எதுக்குங்க மொதல்ல சொல்றீங்க? படிக்கறவங்க என்னை லேசா எடுத்துக்குவாங்க. அது சின்னப் பொய்யிங்க. எங்க சபைல பாதிப் பொண்ணுங்க வண்டில அந்த டப்பா இருக்கு."

சரிதான். அடித்துவிட்டேன். அடித்ததை நீங்கள் படிக்கும்படி விட்டு வைத்திருக்கிறேன், எனக்கு அந்த டப்பா பிடித்துப்போய்விட்டதால்.

தொடக்கம் இரண்டு:

கிறிஸ்தவ வீடுகளில் வளரும் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் இரண்டு வாட்ஸ்அப் குழுக்கள் உண்டு. ஒன்றில் காலை ஆறு மணிக்கு வசனம் வரும், அதன் கீழே முப்பது பேர் ஆமென் போடுவார்கள். மற்றொன்றில் அதே முப்பது பேர், அதே பாஸ்டரின் இருமலை நடித்துக்காட்டி வாய்ஸ் மெசேஜ் போடுவார்கள். இந்த இரட்டை வாழ்க்கையின் வேர் எங்கே இருக்கிறது என்று பார்த்தால், வளர்ப்பு முறையிலும், பயத்திலும், மற்றும்

இதை நானே நிறுத்திவிட்டேன். "மற்றும்" என்று வந்த இடத்தில் தெரிந்துவிட்டது, நான் கட்டுரை எழுதுகிறேன், அதுவும் யாரையோ விரல் நீட்டித் திட்டுகிற கட்டுரை. அந்த இரண்டாவது குழுவுக்கு என் காலத்தில் வாட்ஸ்அப் இல்லை, பாடகர் வரிசையின் பின்பெஞ்ச் இருந்தது. அங்கே யார் உட்கார்ந்திருந்தார்கள் என்பது எனக்குத் தெரியும்.

தொடக்கம் மூன்று:

"அம்மா, நான் ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்கல்ல?"

இதைப் படித்துவிட்டு ரூபினா பாவமாக என்னைப் பார்த்தாள். "இந்த ஒரு வரி என்கிட்டயே இருக்குதுங்க்கா. இதுக்கு அடுத்த வரிதான் வரமாட்டேங்குது."

3

அதனால் பின்னாலிருந்து வருகிறேன்.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், ஒரு மே மாத விடுமுறை. மேட்டுப்பாளையத்தில் மலைப்பாதை தொடங்குவதற்குச் சற்று முன்னால், பாக்குத் தோப்புகளுக்கு நடுவே ஒரு மைதானத்தில் பந்தல் போட்டு மூன்று நாள் வாலிபர் முகாம். ரூபினாவுக்குப் பதினான்கு வயது. முதல் நாள் ஏழெட்டுப் பேருக்குப் பாஷை கிடைத்தது. இரண்டாம் நாள் அதைவிட அதிகம். கிடைத்தவர்கள் சாப்பாட்டு வரிசையில்கூட வேறு மாதிரி நின்றார்கள். மூன்றாம் நாள் கிடைக்காமல் மிச்சமிருந்தது நான்கு பேர். அதில் இருவர் காய்ச்சலென்று படுத்திருந்தார்கள், ஒருத்தன் கிரிக்கெட் ஆடப் போய்விட்டான். ரூபினா மட்டும் மண்டியிட்டிருந்தாள்.

அவள் குறும்புக்காகச் செய்தாள் என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது. அன்று காலை அவள் இட்லியைத் தொடவில்லை. முழங்காலில் பாயின் வரி பதிந்து சிவந்திருந்தது. சபையில் எல்லோரும் கடவுளை "நீர்" என்பார்கள், "வாரும்" என்பார்கள். அவளுக்கு வாய்க்கு வந்தபடி மனசுக்குள் கூப்பிட்டாள்: வாங்க, என்கிட்டயும் வாங்க, ஒரே ஒரு தடவை வந்துட்டுப் போங்க, போதும். அப்படி யாரையும் அவள் அதற்கு முன்னால் கூப்பிட்டதில்லை. பின்னாலும் கூப்பிட்டதில்லை என்று என்னிடம் சொன்னாள்.

மதியம் பெற்றோர்கள் பிள்ளைகளைக் கூட்டிப்போக வந்துவிட்டார்கள். கடைசி ஜெபம். முகாம் நடத்திய அண்ணன் அவள் தலையில் கை வைத்து, "வாயத் தொறம்மா, நாக்க அவர்கிட்டக் குடுத்துரு" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். ரூபினா ஒரு கண்ணை லேசாகத் திறந்து பார்த்தாள். பந்தல் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு அம்மா நின்றார். அம்மாவின் உதடுகள் அசைந்துகொண்டே இருந்தன.

ரூபினா வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. திறந்த வாயை வெறும் வாயாக மூட முடியவில்லை. அப்போதுதான் அது வந்தது.

"டைமரகா..."

[இது பள்ளிக்கூட வேனில் அவர்கள் ஆடும் விளையாட்டு. ஊர்ப் பெயரைத் தலைகீழாகச் சொல்ல வேண்டும், வேகமாக, சிரிக்காமல். காரமடை என்றால் டைமரகா. துடியலூர் என்றால் லூர்யடிது. குட்டையூர், யூர்டைகு. மேட்டுப்பாளையம், யம்ளைபாட்டுமே. நீங்களும் சொல்லிப் பாருங்கள். வேகமாகச் சொன்னால் ஒரு கம்பீரம் வந்துவிடுகிறது, நான் சொல்லிப் பார்த்துவிட்டேன்.]

டைமரகா, லூர்யடிது, யூர்டைகு, யம்ளைபாட்டுமே. மேட்டுப்பாளையம் ரோடு முழுக்க அவள் வாயிலிருந்து தலைகீழாக ஓடியது. அம்மா மண்ணில் விழுந்துவிட்டார்.

"என்ற பிள்ளைக்குக் கெடச்சிருச்சு! ஸ்தோத்திரம்! என்ற பிள்ளைக்குக் கெடச்சிருச்சு!"

அப்போது கிட்டார் வைத்திருந்த பையன்களின் பக்கமிருந்து ஒருவன் எழுந்து, இதற்கு அர்த்தம் இருக்கிறது என்றான். காரமடைப் பையன், ரோஹன், அவளைவிட ஒரு வயது மூத்தவன். கண்ணை இறுக மூடிக்கொண்டு சொன்னான்: "மகளே, நீ காத்திருந்ததைப் பார்த்தேன். உன்னை நான் தனியாக விடமாட்டேன்."

ரூபினா கண்ணைத் திறந்து அவனைப் பார்த்தாள். தான் சொன்னது பொய். ஆனால் அவன் சொன்னது அவள் காலையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்ததற்குப் பதில்.

திரும்பும்போது பஸ்ஸில் அம்மா அவள் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டார். காரமடை வந்ததும் சொல்லிவிடலாம் என்று ரூபினா நினைத்தாள். காரமடையில் கண்டக்டர் காரமடை காரமடை என்று கத்தினார், அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பெரியநாயக்கன்பாளையத்தில் சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். அம்மா மெல்லிய குரலில் பாடத் தொடங்கியிருந்தார். துடியலூரில் அவர்கள் இறங்க வேண்டியிருந்தது.

4

அம்மாவைப் பற்றி எழுதுவதில்தான் நான் தப்பு செய்தேன்.

என் முதல் பிரதியில் அவர் ஓர் அப்பாவி. கையை உயர்த்துவார், அழுவார், யார் என்ன சொன்னாலும் நம்புவார். எழுதுகிறவளுக்கு அது வசதி. ரூபினா அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு, ஒருநாளும் இல்லாதபடி என் மேல் கோபப்பட்டாள்.

"எங்கம்மா லூசு இல்லீங்க்கா. ரிப்போர்ட்டை மூணு தடவை படிச்சாங்க. புரியாத வார்த்தையை எல்லாம் டாக்டர்கிட்டக் கேட்டு எழுதிக்கிட்டாங்க."

சரி, திருத்தி எழுதுகிறேன். அம்மாவின் பெயர் ரங்கநாயகி. காரமடையில் பெருமாளுக்கு நேர்ந்துகொண்டு வைத்த பெயர். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள். பாட்டு அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்காமல் வந்தது. இருபத்து மூன்று வயதில் ஞானஸ்நானம் எடுத்தார். பாஸ்டர் வேறு பெயர் வைக்கலாம் என்றபோது, "பேரு இருக்கட்டுங்க, ஆண்டவரு என்னை இந்தப் பேர் சொல்லித்தானே கூப்பிட்டாரு" என்றாராம். பிறந்த வீடு அன்றைக்கு மூடியது, அவருடைய அப்பாவின் சாவுக்குக்கூட வாசலோடு சரி. துடியலூரில் ஒரு நர்சரிப் பள்ளியில் பாட்டு டீச்சராகச் சேர்ந்தார். சபையில் அவர் பாடினால் மைக் வேண்டாம். விட்டுவிட்டு வந்த எல்லாவற்றுக்கும் அவர் ஒரு பதிலுக்குக் காத்திருந்தார். அந்தப் பதில் மேட்டுப்பாளையத்தில் பந்தலுக்கு அடியில் மகளின் வாயில் வந்தது என்று பன்னிரண்டு வருஷமாக நம்புகிறார்.

டாக்டரிடம் அவர் கடைசியாகக் கேட்டது ஒரே கேள்வி. "பாட முடியுங்களா?"

"பெரும்பாலும் முடியும்மா. சிலருக்கு மட்டும் குரல் கொஞ்சம் கரகரப்பா ஆயிரும்."

டாக்டர் நேர்மையானவர். அந்தப் "பெரும்பாலும்" என்கிற சொல்லை அவர் விழுங்கியிருந்தால் இந்தக் கதையே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை ரங்கநாயகி எழுந்து நின்று, தொண்டையில் கத்தி வைக்கப் போகிறார்கள், பயமாக இருக்கிறது, எனக்காக ஜெபியுங்கள் என்றார். அவர் பயமாக இருக்கிறது என்று சொல்லி அந்தச் சபையில் யாரும் கேட்டதில்லை. பாஸ்டர் கண்ணை மூடி, ஆண்டவர் ஏதோ பேச விரும்புகிறார் என்றார். எல்லாத் தலைகளும் ரூபினாவின் பக்கம் திரும்பின. அவள் பேசினாள். வேறென்ன செய்வாள்? வழக்கமான ஊர்களோடு, வேலைக்குச் சேர்ந்தபிறகு அவள் பாஷையில் சேர்ந்துகொண்ட டிபணம்வரசவும், அதாவது சரவணம்பட்டியும், வந்தது. ரோஹன் கிட்டாரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தான்.

"மகளே, பயப்படாதே. உன் கழுத்தில் கத்தி படாது. உன் பாட்டு என்னுடையது."

ரங்கநாயகி அன்று பாடிய பாட்டைப் போல் தான் கேட்டதே இல்லை என்கிறாள் ரூபினா.

மறுநாள் காலை, அம்மா ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டுவிட்டு வந்ததும், ரூபினா அப்பாவிடம் ஓடினாள். அவர் மோட்டார் பம்பு கம்பெனியில் ஷிப்ட் வேலை பார்ப்பவர், சபைக்கு வருவதில்லை, சண்டைக்கும் வருவதில்லை.

"ஏனுங்கப்பா, நீங்களாச்சும் சொல்லுங்கப்பா."

"உங்கம்மா மேலயே கேட்டு முடிவு பண்ணிப்போட்டா. கீழ இருக்கறவன் நான் என்ன கண்ணு சொல்றது?" என்றார். சொல்லிவிட்டு, சட்டைப் பொத்தானைத் தப்பாகப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனார்.

5

(சிறிய பகுதி. தாண்டிப் போகிறவர்கள் போகலாம்.)

நானும் அப்படிப்பட்ட வீட்டில்தான் வளர்ந்தேன். சபை வேறு, நாங்கள் பாஷை பேச மாட்டோம், பைப் ஆர்கனும் பாமாலைப் பாட்டுப் புத்தகமும் உண்டு. நம்பிக்கை என்னை விட்டு எப்போது போனது என்று தேதி சொல்ல முடியாது. குடை தொலைகிற மாதிரிதான், மழை வந்தபோதுதான் இல்லை என்று தெரிந்தது. ஆனால் ஞாயிறு தவறாமல் அம்மா பக்கத்தில் போய் உட்கார்கிறேன். பாட்டுகளில் ஆல்ட்டோ என்கிற கீழ்க்குரலைப் பாடுகிறேன். பிரசங்க நேரத்தில் கதைக்கு யோசிக்கிறேன். என் முதல் தொகுப்பில் பாதி அந்தப் பெஞ்சில் யோசித்ததுதான்.

எனவே ரூபினாவைப் பற்றி எழுத எனக்கு என்ன தகுதி என்று கேட்டால், முழுத் தகுதியும் இருக்கிறது. அவள் வாயைத் திறந்து பொய் சொன்னாள். நான் வாயை மூடிக்கொண்டு சொல்கிறேன்.

ஒரே வித்தியாசம், அவளுக்கு இன்னும் அது வேண்டும். பன்னிரண்டு வருஷமாக ஒவ்வொரு தடவை டைமரகா என்று ஆரம்பிக்கும்போதும், நடுவிலே எங்கேயாவது நிஜமானது உள்ளே நுழைந்துவிடாதா என்று ஒரு சின்ன இடைவெளி விட்டுத்தான் பேசுவாளாம். அதைக் கேட்டதிலிருந்து எனக்கு அவள் மேல் கொஞ்சம் பொறாமை.

6

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் துடியலூர் பேக்கரியில் ரூபினா ரோஹனைப் பார்த்தாள். அவன் இப்போது அங்கேயே மொபைல் சர்வீஸ் கடை வைத்திருக்கிறான். இரண்டு டீ, ஒரு தேங்காய் பன்.

அவனிடம் அவள் உண்மையைச் சொல்லப் போகவில்லை. அவனிடமிருந்து ஒரு உண்மையைக் கேட்கப் போனாள். இது முக்கியம். அவள் பாஷை பொய் என்பது அவளுக்குத் தெரியும். ஆனால் அவன் சொன்ன அர்த்தம் நிஜமாக இருக்கலாமே? அப்படியென்றால் அம்மாவின் கழுத்தில் நிஜமாகவே கத்தி படத் தேவையில்லையே?

"நான் ஒண்ணு கேப்பேன். கிண்டல் பண்ணாம சொல்லோணும்."

"கேளு."

"அர்த்தம் உனக்கு எப்படி வருது? காதுல கேக்குமா? இல்ல, மனசுல தோணுமா?"

ரோஹன் பன்னைப் பிட்டுக் கையிலேயே வைத்திருந்தான்.

"ரூபி, நீ சொல்றது காரமடை."

"என்னது?"

"டைமரகா. திருப்பிப் போட்டா காரமடை. அடுத்தது துடியலூர், அப்பறம் குட்டையூர். எங்கப்பா இருவது வருசம் அந்த ரூட்ல கண்டக்டரு. லீவு விட்டா அவரு கூடத்தான் போவேன், வருவேன். எனக்குத் தெரியாதா?" கொஞ்சம் தயங்கிவிட்டுச் சேர்த்தான். "வேலைக்குப் போனதுக்கப்பறம் சரவணம்பட்டியச் சேத்துக்கிட்டே. அது ரூட்டே வேற."

ரூபினாவுக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. டீ சிந்துகிற அளவுக்குச் சிரித்தாள். பிறகு நின்றுவிட்டது.

"எப்ப இருந்து தெரியும்?"

"கேம்ப்லயே."

"தெரிஞ்சேவா அர்த்தம் சொன்னே?"

"உங்கம்மா மண்ணுல விழுந்து அழுதுட்டு இருந்தாங்க. நீ பேயறஞ்ச மாதிரி ஒத்தைல நின்னே. யாராச்சும் எந்திரிச்சு ஏதாச்சும் சொல்லலீன்னா நீ மாட்டிக்குவேன்னு தோணுச்சு. சொல்லிப்போட்டேன். அப்பறம் நிறுத்த முடியலை." அவன் அவளைப் பார்க்காமல் ரோட்டைப் பார்த்தான். "வாரத்துல ஒருநாள்தான் நான் சொல்றதை நீ கண்ணை மூடிட்டுக் கேப்பே. வேற எப்படிச் சொல்றது உன்கிட்ட?"

வீட்டில் ரூபினாவிடம் ஒரு நோட்டு இருக்கிறது. அர்த்தமாக வந்த வார்த்தைகளையெல்லாம் தேதி போட்டு எழுதி வைத்திருக்கிறாள். நீ காத்திருந்ததைப் பார்த்தேன். உன்னைத் தனியாக விடமாட்டேன். நீ சிரிக்கும்போது நானும் சிரிக்கிறேன். அத்தனையும் மேலே இருந்து தனக்கு வந்தவை என்று நினைத்திருந்தாள். அத்தனையும் காரமடைக்காரன் ஒருவன் சொன்னது.

"அதெல்லாம் நீயா?"

"நான்தான்."

இந்த இடத்தில் காதல் கதை எழுதுகிறவர்கள் மழையை வரவைப்பார்கள். மழை இல்லை. பேக்கரிக்காரர் டீக்கு இன்னும் சர்க்கரை வேண்டுமா என்று கேட்டார். ரூபினா அழத் தொடங்கினாள். ஒருத்தன் தன்னை இவ்வளவு நாள் நினைத்திருக்கிறான் என்பதற்கும் சேர்த்துத்தான் அழுதாள், ஆனால் அதற்கு மட்டும் அழவில்லை.

"என்னுது பொய்யின்னு எனக்குத் தெரியும் ரோஹன். ஆனா பொய்யா பேசினாலும் அதுமேல நெசமான அர்த்தத்தை எறக்கறாரேன்னு நெனச்சேன். என்கிட்ட வரலைன்னாலும் உன் வழியா என்கிட்டப் பேசறாரேன்னு நெனச்சேன். இத்தனை வருசம் அதைப் புடிச்சுத்தான் தொங்கிட்டு இருந்தேன்."

அவன் கையிலிருந்த பன்னைத் தட்டில் வைத்தான்.

"கத்தி படாதுன்னு எதுக்குடா சொன்னே?"

"உங்கம்மா பயந்து நான் பாத்ததே இல்ல. பயப்படாதீங்கன்னு சொல்லத்தான் எந்திரிச்சேன். அது அப்படி வந்துருச்சு. ஆபரேஷனே வேண்டாம்பாங்கன்னு சத்தியமா நெனைக்கல." பிறகு அவனே சொன்னான். "ஒண்ணு பண்ணலாம். நாளைக்கு உங்க ஊட்டுக்கு வாரேன். குடும்ப ஜெபம்னு உக்காரலாம். நீ பேசு. 'டாக்டர் கையை நான் பிடிச்சுக்குவேன், தைரியமாப் போ'ன்னு ஆண்டவர் சொல்ற மாதிரி அர்த்தம் சொல்லிடறேன். உங்கம்மா போயிருவாங்க. முடிஞ்சுது."

7

முடிவுகள். மூன்று எழுதிப் பார்த்தேன்.

முதலாவது: ரூபினா சொல்லத் தொடங்குகிறாள். அம்மா அவள் வாயைப் பொத்தி, "எனக்கு அன்னிக்கே தெரியும் அம்மணி" என்கிறார். இதைப் படித்தால் உங்களுக்குக் கண்ணீர் வரும், எனக்கும் வந்தது. அதனால்தான் சந்தேகப்பட்டேன். எல்லாம் தெரிந்த அம்மா என்பது பிள்ளைகள் தங்களுக்கு எழுதிக்கொள்கிற மன்னிப்புக் கடிதம். ரங்கநாயகிக்கு ஒன்றும் தெரியாது. அவர் நம்புகிறார். அவ்வளவுதான்.

இரண்டாவது: ரூபினா ஒன்றுமே விளக்காமல் ஊர்ப் பெயர்களை நேராகச் சொல்கிறாள். காரமடை, துடியலூர், குட்டையூர். அம்மாவுக்கு மெல்ல விளங்குகிறது. இது அழகாக இருந்தது. இரண்டு தடவை படித்து ரசித்தேன். பிறகு ஞாபகம் வந்தது, ஒரு பெண்ணின் உயிர் சம்பந்தப்பட்ட இடத்தில் நான் பின்னல் வேலை செய்துகொண்டிருக்கிறேன். கிழித்துவிட்டேன். (கம்ப்யூட்டரில் கிழிக்க முடியாது. ஆனாலும்.)

மூன்றாவது, ரோஹன் சொன்னது. எனக்குப் பிடித்தது இதுதான், வெட்கத்தோடு சொல்கிறேன். யாருக்கும் வலிக்காது. அம்மா பிழைப்பார், மகள் மேல் வைத்த பெருமையும் பிழைக்கும். புதன் காலையில் ரூபினாவிடம் இதையே செய்துவிடு என்றேன்.

"நானும் ராத்திரியெல்லாம் அதைத்தான் நெனச்சேனுங்க. ஆனா ஒண்ணுங்க்கா. மத்த தடவை எல்லாம் பயந்து பேசினேன். இந்தத் தடவை திட்டம் போட்டுப் பேசோணும். அப்படி ஒருக்கா இந்த வாயால செஞ்சுட்டா, அப்பறம் என்னைக்காச்சும் நெசமானது வந்தாக்கூட எனக்கே அடையாளம் தெரியாதுங்க."

"அப்போ உண்மையைச் சொல்லிரு."

"சொன்னா நம்போணும்ல? இத்தனை நாள் பேசினவ திடீர்னு பொய்யின்னா, பிசாசு சொல்ல வெக்கறான்னு நெனச்சுட்டாங்கன்னா? அப்பறம் ஆஸ்பத்திரிப் பக்கமே வரமாட்டாங்க."

பொய் சொன்னால் அம்மா நிச்சயமாகப் பிழைப்பார். உண்மையைச் சொன்னால் பிழைக்காமலும் போகலாம். சிறுவர் ஞாயிறு பள்ளியில் எங்களுக்கு இதற்கு எதிரான கணக்கைத்தான் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

"நீங்க சாயங்காலத்துக்குள்ள அந்த அடுத்த வரியை மட்டும் எழுதிக் குடுத்துருங்க்கா" என்று சொல்லிவிட்டு, அரை நாள் லீவு போட்டுக் கிளம்பினாள்.

8

ஐந்து மணிக்குப் போன் வந்தது.

"எழுதியாச்சுங்களா?"

"இல்லை ரூபி. உன்னைப் பத்திப் பத்துப் பக்கம் எழுதியிருக்கேன். நீ சொல்றதுக்கு ஒரு வரிகூட வரலை."

அவள் சிரித்தாள். கோபமில்லாத சிரிப்பு, அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

"பரவால்லீங்க. ரோஹன் அஞ்சே முக்காலுக்கு வாரான்."

"துணைக்கா, அர்த்தம் சொல்லவா?"

போனுக்குப் பின்னால், அவள் வீட்டுக்குள் எங்கேயோ பாத்திரம் கழுவுகிற சத்தமும், அதோடு ஒரு குரலும் கேட்டது. நான் ரங்கநாயகியைப் பார்த்ததில்லை, அவர் பாடிக் கேட்டது அப்போதுதான். சொல் எதுவும் பிடிபடவில்லை. தண்ணீர்ச் சத்தத்துக்கு மேலே, சிரமமே இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. நாங்கள் இரண்டு பேரும் அதைக் கேட்டுக்கொண்டிருந்தோம்.

"அடுத்த வாரம் இது இப்படியே இருக்குமான்னு தெரியலைங்க்கா," என்றாள் ரூபினா. பிறகு, "எனக்காக ஜெபம் பண்ணிக்குங்க."

எங்கள் வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு இதற்குப் பதில் தயாராக இருக்கும். சாவு வீட்டிலும் பரீட்சைக்கு முன்னாலும் பஸ் ஏற்றிவிடும்போதும் சொல்லிச் சொல்லி நாக்கில் ஊறிப்போன பதில். சொல்கிறவர் செய்கிறாரா என்று யாரும் போய்ப் பார்ப்பதில்லை.

"பண்றேன் ரூபி," என்றேன்.

"இல்லீங்க்கா. சும்மா சொல்லாதீங்க. நெசமாப் பண்ணுங்க."

வைத்துவிட்டாள்.

இந்தக் கதைக்கு முடிவு எழுத என்னால் முடியாது. எழுதத் தெரியாமல் இல்லை. நான் எழுதுவது எதுவாக இருந்தாலும், துடியலூரில் அந்த வீட்டில் ரூபினா வாயைத் திறக்கும்போது அது அங்கே இருக்காது. அவள் சொல்லப்போவது எது என்பதை உங்களிடம் விட்டுவிடுகிறேன். பொய்யைத் தேர்ந்தெடுத்தால் உங்களைக் குற்றம் சொல்ல மாட்டேன், நான் தேர்ந்தெடுத்தது அதைத்தான். உண்மையைத் தேர்ந்தெடுத்தால், அம்மா அதைக் கேட்டுவிட்டு மகளைப் பார்க்கிற பார்வையையும் நீங்களே எழுதிக்கொள்ள வேண்டும்.

இப்போது மணி ஐந்து ஐம்பது. ரோஹன் வந்திருப்பான். லேப்டாப்பைத் தள்ளி வைத்துவிட்டு, சாப்பாட்டு மேஜையில் கண்ணை மூடி உட்கார்ந்து பார்த்தேன். என் அம்மாவின் வாக்கியங்கள் வந்தன, பாமாலையின் வரிகள் வந்தன. என்னுடையது என்று ஒன்றும் வரவில்லை. இருபது வருஷமாக யாரையும் கூப்பிடாத வாய் இது, பெயர்கூட நினைவுக்கு வர மறுக்கிறது. ரங்கநாயகியின் குரல் மட்டும் காதில் போய்க்கொண்டே இருக்கிறது, அது நிற்கக் கூடாது, அது நின்றுவிடக் கூடாது என்பதைத் தவிர எனக்கு வேறு வார்த்தை இல்லை. நீங்கள் கூப்பிடத் தெரிந்தவராக இருந்தால், எந்தப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவராக இருந்தாலும் சரி, இன்னும் பத்து நிமிஷம் இருக்கிறது, தயவுசெய்து